தெரிந்த சொற்களில் வழுக்கியவர்: ராயபுரம் மாணவி ஒருவரின் நுழைவுத்தேர்வு ஆங்கிலம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எம்பிஏ படிப்புக்கான கேட் நுழைவுத்தேர்வுக்குத் தயாராக ஜூன் மாதம் இந்த மாணவி எங்கள் அறைக்கு வந்தபோது கையில் புதிதாக வாங்கிய நீள நோட்டு ஒன்று இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் அது நிரம்பிவிட்டது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் ஒரு சமக்குறி. எங்கே விரலை வைத்துக் கேட்டாலும் பட்டென்று பொருள் வந்தது. ‘லக்கானிக்’? சுருங்கப் பேசுகிற. ‘ஆப்ஸ்டினேட்’? பிடிவாதமான. ‘எஃபெமரல்’? நிலையற்ற. கூட இருந்த பையன்கள் அவரை நடமாடும் அகராதி என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஆனால் மாதிரித் தேர்வுகளில் அவருடைய ஆங்கிலப் பகுதி மதிப்பெண் ஜூனில் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு தேர்வுகளில் அதற்கும் கீழே போனது.

அந்தச் சொற்பட்டியலை அவரிடம் கொடுத்தவன் நான். ஆகவே இந்த ஆய்வில் பிழைபட்ட தரப்பு முதலில் ஆசிரியர்தான், அப்புறம்தான் மாணவி. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பத்து மணிக்கு மேல் கூரை கொதிக்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். பகலில் நான் தம்புசெட்டித் தெருவில் ஒரு சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவியும் அதே தெருவில், வேறொரு சரக்கு அலுவலகத்தில் ஆவணப் பிரிவு உதவியாளர். வயது இருபத்து மூன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழி, பிறகு அரசுக் கல்லூரியில் பி.காம். அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாசலுக்காக வரிசை கட்டி நிற்கும் வண்டிகளில் ஒன்று அவருடையது. அம்மா வீட்டிலிருந்தே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். இந்த ஆய்வில் அம்மாவுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு.

பட்டியல் வந்த வழி

நான் இந்தத் தேர்வை எழுதியபோது அது பென்சிலால் வட்டம் நிரப்பும் தாள் தேர்வு. ஐஐஎம்கள் என்ற இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் கேட் 2009-இல்தான் கணினிக்கு மாறியது. (பொறியியல் பட்டதாரிகள் எழுதும் இன்னொரு தேர்வையும் நம் செய்தித்தாள்கள் ‘கேட்’ என்றே எழுதுகின்றன. அதற்கான பழைய வினாத்தாள் தொகுப்பை வாங்கிக்கொண்டு இங்கே வந்து நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும்.) என் காலத்தில் ஆங்கிலத்தில் சொற்பொருளை நேரடியாகச் சோதிக்கும் கேள்விகள் வந்தன. அமெரிக்க மேற்படிப்புத் தேர்வுகளுக்காகத் தொகுத்த தடித்த சொற்பட்டியல்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி உருப்போட்டோம். எனக்கு ஐஐஎம் கிடைக்கவில்லை, பட்டியல் மட்டும் மிஞ்சியது. அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்து இருபது ஆண்டுகளாகக் கைமாற்றிக்கொண்டிருந்தேன்.

தேர்வோ நடுவில் ஆளே மாறிவிட்டது. 2015-இல் அமைப்பு திருத்தப்பட்ட பிறகு, இந்தச் சொல்லுக்கு இணைச்சொல் எது, எதிர்ச்சொல் எது என்று நேரடியாகக் கேட்கும் கேள்விக்குக் கேட் தேர்வில் இடமில்லை. அண்மை ஆண்டுகளின் அமைப்பில் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம், 24 கேள்விகள். அதில் 16 கேள்விகள் நான்கு வாசிப்புப் பத்திகளிலிருந்து வருகின்றன. மீதி எட்டு, கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசையில் வைப்பது, பத்தியின் சாரத்தைக் கண்டுபிடிப்பது போன்றவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும்.

எல்லாத் தேர்வும் இப்படியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிம்பயோசிஸ் நிறுவனங்களுக்கான ஸ்னாப் தேர்வில் 60 நிமிடத்தில் 60 கேள்விகள், அதில் ஆங்கிலத்துக்குப் பதினைந்து. இணைச்சொல், மரபுத்தொடர் எல்லாம் அங்கே இன்னும் நேராகவே வருகின்றன. தனியார் மேலாண்மைக் கல்லூரிகள் பல ஏற்கும் என்மேட் தேர்வின் மொழிப் பகுதியில் 28 நிமிடத்தில் 36 கேள்விகள். அங்கே சொல் தெரிந்தால் பத்து விநாடியில் விடை, தவறுக்குக் கழிவும் இல்லை. நம் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எம்பிஏ தேர்வு இரண்டு மணி நேரம், 100 கேள்விகள். அதில் வாசிப்பும் உண்டு, வாக்கியப் பிழை திருத்தமும் உண்டு. ‘எம்பிஏ நுழைவுத்தேர்வுக்கு எத்தனை வார்த்தை படிக்க வேண்டும் சார்?’ என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். எந்தத் தேர்வுக்கு என்று நான் திருப்பிக் கேட்டதே கிடையாது. பட்டியலை எடுத்து நீட்டிவிடுவேன்.

சிவப்பு மை, நீல மை

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் போன பிறகு அவரை உட்காரவைத்து ஒரு பத்தியை அச்சிட்டுக் கொடுத்தேன். வறட்சிக் காலத்துத் தானியக் கொள்கை பற்றிய, சுமார் 450 சொற்கள் கொண்ட பத்தி. பொருள் தெரியாத சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கோடிடச் சொன்னேன். சொல் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் முரண்டு பிடித்தால் அந்த இடத்துக்கு நீல மை.

சிவப்புக் கோடுகள் ஆறு. இந்த எண்ணிக்கை எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஆங்கில எழுத்தை யார் துணையும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை. 450 சொற்களில் இரண்டு விழுக்காடு என்றால் ஒன்பது. இவருக்குத் தெரியாதவை ஆறுதான், அந்த அளவுகோலின்படி இவர் தேறியவர். அப்படியிருந்தும் அந்தப் பத்தியின் நான்கு கேள்விகளில் மூன்றைத் தவறவிட்டிருந்தார்.

நீலக் கோடு ஒன்றுகூட இல்லை. “எல்லாம் புரிகிறது சார்” என்றார்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டாம், தங்கைக்குக் கதை சொல்வதுபோல் சொன்னால் போதும். மூன்றாவது வாக்கியத்திலேயே வண்டி தடம் புரண்டது. விமர்சகர்கள் வறட்சியின் பங்கை ‘டிஸ்கவுன்ட்’ செய்தார்கள் என்று பத்தியில் இருந்தது. இவர், “வறட்சிக்குச் சலுகை கொடுத்தார்கள்” என்றார். அவர்கள் வறட்சியைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் செய்தி. புள்ளிவிவரம் ‘வான்ட்’ ஆனதால் என்று ஒரு தொடர். இல்லாமையால் என்று பொருள், இவர் விரும்பியதால் என்று கொண்டார். விலைச் சரிவை ‘அரெஸ்ட்’ செய்ய ஒரு திட்டம், அதாவது தடுத்து நிறுத்த. கைது என்ற எண்ணம் வந்து குறுக்கே நின்றது. அதிகாரிகள் ‘ஹார்ட்லி’ தலையிட்டார்கள் என்றால் தலையிடவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகத் தலையிட்டார்கள் என்று பொருள். இவர் வாசிப்பில் அவர்கள் கடினமாக உழைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே கடைசிப் பத்தி. ஆசிரியர் அந்தக் கொள்கைக்குக் ‘குவாலிஃபைட் சப்போர்ட்’ தருகிறார். தகுதியான ஆதரவு என்று எடுத்துக்கொண்டு, ஆசிரியர் முழுமனதாக ஆதரிக்கிறார் என்ற விடையைத் தேர்ந்திருந்தார்.

“பி.காமில் ஆடிட்டிங் படித்தாய் அல்லவா? ‘குவாலிஃபைட் ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டே?”

“ஆமாம் சார், ஐந்து மதிப்பெண் கேள்வி.”

“அதில் ஆடிட்டர் என்ன செய்வார்?”

“கணக்குச் சரிதான், ஆனால் இன்ன இடத்தில் குறை இருக்கிறது என்று எழுதுவார்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்படியென்றால் இவர் பாதிதானே சார் ஆதரிக்கிறார்?”

அன்றைக்கு மதியம் வரை கூரை கொதித்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. என் முப்பது பக்க ஜெராக்ஸில் ‘குவாலிஃபை’ இல்லை, ‘டிஸ்கவுன்ட்’ இல்லை, ‘வான்ட்’ இல்லை. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை என்று தொகுத்தவர் விட்டுவிட்டார். இருந்திருந்தாலும் இவர் தாண்டிப் போயிருப்பார். ஆங்கிலத்தில் அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். ‘லக்கானிக்’ எங்கே வந்தாலும் லக்கானிக்தான். அன்றாடச் சொற்கள்தான் இடத்துக்கு இடம் நிறம் மாறுகின்றன, ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. தெரியாத சொல்லைக் கண்டால் மாணவர் நின்று யோசிக்கிறார். தெரிந்ததாக நினைக்கும் சொல்லில் நிற்பதே இல்லை, தவறான பொருளோடு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். எனக்கு இந்த வேறுபாடு பிடிபட இருபது ஆண்டும் ஒரு மாணவியின் நான்கு மாத உழைப்பும் செலவாகியிருக்கின்றன.

தம்புசெட்டித் தெருவின் அகராதி

அடுத்த வாரம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். அலுவலகத்தில் தினமும் தட்டச்சு செய்யும் ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதி வரச் சொன்னேன். “அதெல்லாம் ஆபீஸ் வார்த்தை சார், தேர்வுக்கு வராது” என்றார். எழுதி வந்த தாளில் எழுபது சொற்களுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் தேர்வுப் பத்திகளில் வேறு வேடத்தில் வந்துபோகிறவை.

‘டிமரேஜ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இலவச நாள்களைத் தாண்டிச் சரக்கு துறைமுகத்தில் கிடந்தால் கட்டும் தண்டம். தம்புசெட்டித் தெருவில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்த சொல். இவருடைய நீள நோட்டில் ‘டிமர் = ஆட்சேபி’ என்று ஒரு வரி இருந்தது. மூன்று முறை மறந்து மூன்று முறை எழுதியிருந்தார். இரண்டுக்கும் வேர் ஒன்று, தங்கித் தாமதித்தல் என்ற பழைய பிரெஞ்சுச் சொல். ஆள் தயங்கி நின்றால் ‘டிமர்’, சரக்கு தங்கி நின்றால் ‘டிமரேஜ்’. வரிசையில் நிற்கும் அப்பாவின் டிரெய்லரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்ட பிறகு அதை அவர் மறக்கவில்லை.

‘டிஸ்சார்ஜ்’ துறைமுகத்தில் சரக்கு இறக்குவது, மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்புவது, பத்தியில் கடமையை நிறைவேற்றுவது. மூன்றிலும் சுமை இறங்குகிறது. ‘மேனிஃபெஸ்ட்’ கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியல். கட்டுரையில் கண்கூடான என்ற அடை. ‘கிளீன்’ என்று வரும் கப்பல் ரசீதில் சரக்கின் வெளித்தோற்றத்தைப் பற்றிக் குறைக்குறிப்பு எதுவும் இருக்காது. காப்பீட்டு நிறுவனம் உங்கள் கோரிக்கையை ‘என்டர்டெய்ன்’ செய்ய இயலாது என்று எழுதினால் கேளிக்கைக்கு அங்கே வேலையில்லை, பரிசீலிக்க மாட்டோம் என்கிறார்கள். ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ என்று கடிதத் தலைப்பில் போட்டால், இதை எழுதியதால் எங்கள் உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள வேண்டாம் என்று பொருள். அந்தத் தொடரை நூறு கடிதங்களில் அடித்தவர், நோட்டில் ‘ப்ரெஜுடிஸ் = தப்பெண்ணம்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். ‘சாங்ஷன்’ இன்னும் மோசம். வங்கி கடனுக்குக் கொடுத்தால் ஒப்புதல், ஒரு நாட்டின்மேல் விதித்தால் தடை. ஒரே சொல் தனக்குத்தானே எதிர்ச்சொல்லாக நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘அவரேஜ்’. சராசரி என்ற பொருளில் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல் ஐரோப்பாவுக்கு வந்ததே கடல் வணிகத்தின் வழியாகத்தான். பழுதான சரக்கைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து கிளம்பி, இத்தாலி, பிரான்சு வழியே கப்பல் சேதம் என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் தள்ளினால், அந்த நட்டத்தை எல்லா வணிகர்களும் அவரவர் பங்குக்கு ஏற்பச் சுமக்க வேண்டும். அந்தப் பங்கீட்டிலிருந்துதான் கணக்கின் சராசரி பிறந்தது. ‘ஜெனரல் அவரேஜ்’ என்று காப்பீட்டுத் தாள்களில் இன்றும் அதே பழைய பொருளில் வருகிறது. இதைச் சொன்ன அன்று யாரும் மணி பார்க்கவில்லை. இது தேர்வுக்கு உதவுமா என்று கேட்டால், நேராக உதவாது. ஆனால் ஒரு சொல்லுக்குள் பழைய அறைகள் இருக்கக்கூடும் என்று சந்தேகப்படும் பழக்கம் அன்றைக்குத்தான் அவர்களுக்கு வந்தது.

சமக்குறியை எடுத்துவிட்டோம்

மறதி பற்றிப் பேசும்போது ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரைத் தவிர்க்க முடியாது. தன்னையே சோதனைப்பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் சரிவு செங்குத்து, பிறகு மெதுவாக. ஒரு நாள் கழித்து மறுபடி படிக்கும்போது, முதலில் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்களவுதான் மிச்சமாயிற்று. இந்த வளைகோட்டைச் சொல் மனப்பாடத்துக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் வேண்டுமென்றேதான் பொருளற்ற அசைகளைத் தேர்ந்தார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பொருள் இருந்தால் நினைவு வேறு மாதிரி வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலச் சொல், சமக்குறி, தமிழ்ச் சொல் என்று எழுதி எழுதி, பொருளுள்ள சொற்களை நாம்தான் அவருடைய அசைகளாக மாற்றிவிட்டோம்.

புதிய ஏற்பாடு எளியது. நோட்டு போயிற்று, சீட்டு வந்தது. பயன்படாத பழைய படிவங்களைச் சீட்டுகளாக வெட்டி, முன்பக்கம் சொல் இருக்கும் வாக்கியம் முழுவதையும் எழுதினார். பின்பக்கம் அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வார் என்பது. ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியை நான்கு தட்டாகப் பிரித்தோம். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த தட்டுக்குப் போகும், தவறினது முதல் தட்டுக்கே திரும்பும். முதல் தட்டு தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது மாதம் ஒருமுறை. 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பரப்பிய முறை இது. இன்றைய கைப்பேசிச் செயலிகள் பலவும் இதன் பேரப்பிள்ளைகள்தான். செயலியே போதுமே என்று பையன்கள் கேட்டார்கள். போதும்தான். ஆனால் வேறு யாரோ எழுதிய வாக்கியம் அதில் இருக்கும், அதற்காகத்தான் கையால் எழுதச் சொன்னேன்.

பின்பக்கத்துத் தமிழில்தான் எதிர்பாராத லாபம் கிடைத்தது. ‘பிட்ரே’ என்பதற்குத் துரோகம் செய் என்று நோட்டில் இருந்தது. அவருடைய குரல் பதற்றத்தை ‘பிட்ரே’ செய்தது என்று ஒரு வாக்கியம் வந்தபோது துரோகம் பொருந்தவில்லை. காட்டிக்கொடு என்று போட்டுப் பார்த்தோம். ஆளையும் காட்டிக்கொடுக்கலாம், குரல் மனத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலச் சொல் கிளைக்கும் இடத்திலேயே தமிழ்ச் சொல்லும் கிளைக்கிறது. அப்படிக் கிளைக்கும் சொல்லைத் தேடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ‘வெய்’ என்றால் எடைபோடு, அரிசியையும் ஆளையும் வாதத்தையும் எடைபோடலாம். ‘யீல்டு’ என்றால் நிலம் விளைச்சல் கொடுக்கிறது, மனிதர் விட்டுக்கொடுக்கிறார். ‘கிராஸ்ப்’ என்றால் பிடிபடுவது. ‘ஃபாதம்’ என்பதற்கு ஆழம் பார் என்று எழுதி வந்தவர் காசிமேட்டுப் பையன். கைகளை விரித்த நீளம்தான் அந்த அளவு, ஆறு அடி. கடலில் எத்தனை பாகம் என்று மீனவர்கள் சொல்லும் அதே அளவு.

சின்னச் சொற்களுக்கும் தமிழில் வழி இருந்தது. ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’ இரண்டையும் சிலர் என்று எழுதினால் தேர்வில் விழுவோம். முன்னது சிலர். பின்னது சிலரே. ஒரு ஏகாரத்தில் தீர்ந்தது. ‘லெட் அலோன்’ என்பதற்கு எந்தப் பட்டியலிலும் உருப்படியான விளக்கம் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டுக்குத் தாமதமாகப் போன ஒருவன், “ரசம்கூட இல்லை, பிரியாணிக்கு எங்கே போக?” என்கிறான். அதேதான், வரிசையும் அதேதான்.

இதை எல்லோருக்கும் பொதுவான விதியாக நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சிந்தி என்று சொல்லும் தரப்பு ஒன்று உண்டு, வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். இருபது ஆண்டுகள் தமிழில் நினைத்துப் பழகியவரிடம் அந்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி அம்மா. தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படி என்று எல்லோரும் சொல்கிறோம். இவரும் படித்துக்கொண்டுதான் இருந்தார், கண் ஓடியது, அவ்வளவுதான். நவம்பர் முழுக்க ஒரு மாற்றம் செய்தோம். படித்தபின் இதழை மூடிவைத்து, தையல் வேலையில் இருக்கும் அம்மாவிடம் விஷயத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அறியாத அந்த அம்மா ஊசியை நிறுத்தாமலே கேட்பாராம்: “சரி, கடைசியில் அந்த ஆள் வேண்டும் என்கிறானா, வேண்டாம் என்கிறானா?” பதில் தெரியாத நாள்களில் மகள் மறுபடி இதழைத் திறக்க வேண்டியிருந்தது. ஆசிரியரின் நிலைப்பாடு என்ன என்று கேட் தேர்வு நான்கு விருப்பத்தேர்வுகள் போட்டுக் கேட்பதும் இதைத்தான். என் மாதிரித் தேர்வுகளைவிட அந்தக் கேள்விதான் இவரை அதிகம் பழக்கியது என்று நினைக்கிறேன்.

ஒரு சீட்டு

ஒரு ஞாயிறு, ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘கேஷ்’ நம் காசுதானே என்று ஒருவன் குதித்தான். கையில் புழங்கும் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சிறு நாணயத்தைக் குறிக்கும் பழைய ‘கேஷ்’ மட்டுமே நம் காசிலிருந்து போனது. பெருமை பாதியாகக் குறைந்ததில் அவனுக்கு வருத்தம்.

அப்போது மாணவி தன் பழைய நோட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ‘பரையா = ஒதுக்கப்பட்டவர், தீண்டத்தகாதவர்’. என் பட்டியலிலிருந்து அவர் எழுதியதுதான். “இது எங்கிருந்து சார் போனது?” என்று கேட்டார். தெரிந்துகொண்டுதான் கேட்டார் என்று குரலில் தெரிந்தது. பறை அடித்தவர்களின் பெயரை, ஒரு சமூகத்தின் பெயரை, ஐரோப்பியர்கள் எடுத்துப்போய் விலக்கிவைக்கப்பட்ட எவருக்கும் பொதுச்சொல்லாக்கினார்கள். ஆங்கில அகராதிகளே இந்தத் தமிழ் வேரைப் பதிவு செய்கின்றன. உலக அரசியல் பத்திகளில் விலக்கப்பட்ட நாடு என்ற பொருளில் இன்றும் இது வருகிறது, ஆகவே அடையாளம் தெரியத்தான் வேண்டும். இவ்வளவையும் சொன்னேன். இருபது ஆண்டுகளாக அந்த வரியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததையும், அது யாருடைய தெருப் பிள்ளைகளின் கையில் போகிறது என்று ஒருமுறைகூட யோசிக்காததையும் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். அவர் அந்தச் சொல்லுக்குச் சீட்டு எழுதினார். பின்பக்கம் பொருளுக்குப் பதிலாக ‘பார்த்தால் தெரியும், நான் எழுத மாட்டேன்’ என்று இருந்தது.

என்ன ஆயிற்று

நவம்பர் இறுதியில் கேட். வாசிப்புப் பத்திகளில் முன்பு பாதிக்கு மேல் தவறிக்கொண்டிருந்தவர், கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளில் நான்குக்கு மூன்று என்ற அளவுக்கு வந்திருந்தார். உண்மைத் தேர்விலும் ஆங்கிலம்தான் அவருடைய மூன்று பகுதிகளில் சிறந்ததாக அமைந்தது. கணக்கு கைவிட்டது, ஐஐஎம் அழைப்பு வரவில்லை. ஆங்கிலத்துக்காகச் செலவிட்ட நேரத்தில் ஒரு பங்கைக் கணக்குக்குத் திருப்பியிருக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பட்டியலில் போன நான்கு மாதம் இருந்திருந்தால் இரண்டுக்கும் நேரம் கிடைத்திருக்கும்.

டிசம்பரில் ஸ்னாப் எழுதிவிட்டு வந்து, “சார், உங்கள் பட்டியலிலிருந்து வார்த்தைகள் வந்தன” என்று சிரித்தார். ஆக, பழைய நோட்டு முழுக்க வீண் என்று எழுதினால் அது பொய். நேரடிச் சொற்கேள்வி வரும் தேர்வுகளுக்கு, கடைசி ஆறேழு வாரங்களில், அரிய சொற்களுக்கு அது போதுமானதே. கேட் எழுதுபவரிடம் ஜூனிலேயே அதை நீட்டியதுதான் தப்பு. கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியில் அவருக்கு எந்த முன்னேற்றமும் ஏற்படவில்லை. அது சொல் பற்றிய சிக்கல் இல்லை என்று மட்டும் தெரிகிறது. வேகமும் கூடவில்லை. தமிழில் சொல்லிப் பார்க்கும் பழக்கம் தொடக்கத்தில் நேரத்தைத் தின்றது, தேர்வு நாள் வரை ஒரு பத்திக்கு அவருக்குக் கூடுதல் நேரமே தேவைப்பட்டது. வகுப்பில் இதே முறையைப் பின்பற்றிய இன்னொரு மாணவர் இரண்டே வாரத்தில் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

டான்செட் வழியாகச் சென்னையிலேயே ஒரு கல்லூரியில் எம்பிஏ இடம் கிடைத்தது. சேர்ந்த மறுவாரம் பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜூனில் வரும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நான்தான் கேட்டிருந்தேன். தட்டுத் தட்டாக எடுத்துப் பார்த்தேன். முதல் தட்டு காலியாக இருந்தது.

“‘ஹார்ட்லி’ சீட்டு எங்கே?”

“அது என்னிடமே இருக்கட்டும் சார். நேற்றுக்கூட வகுப்பில் தப்பாகப் படித்தேன்.”

கைப்பையில் ரயில் பாஸுக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.